வராதே என்று சொல்ல ஒரு காரணம்

விடிந்ததும் ஒரு தரம் துடைத்த தரைதான். இட்லியை இறக்கி, புருஷனுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி காலில் நறநறவென்று ஒட்டியது. அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கரி. கட்டைவிரலால் தேய்த்தாள், விரலும் கறுப்பானது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் கிடக்கின்றன, மூடின ஜன்னலின் இடுக்கில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்துத்தான் இருக்கிறது, அப்படியும் எங்கிருந்துதான் வருமோ, வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஃபேன் றெக்கையில், தண்ணீர்க் குடத்து மூடியில், சாமி படத்துக் கண்ணாடியில், ஆத்தாளுக்கு மூக்குத்திக்குக் கீழே மீசை வைத்த மாதிரி. வாளியை எடுத்து வந்தாள். இன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை செங்கத்தில் யுவராணிக்கு வளைகாப்பு. இருப்பது ஒரே மகள், அந்த ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம், வளையல் போட்ட கையோடு தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதுதான் முறை. இந்த வீட்டுக்கு. இந்தத் தரைக்கு. எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை மணிக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்புவீர்கள் என்று கேட்கச் சம்பந்தியம்மாள் காலையில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அஞ்சலாட்சி ஒன்று கண்டுபிடித்தாக வேண்டும். பெற்ற மகளை, பிள்ளைத்தாய்ச்சியை, வீட்டுக்கு வராதே என்று சொல்ல ஒரு காரணம்.

துணியை முக்கிப் பிழிந்து உள்ளறையிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளறை இப்போது உள்ளறை இல்லை, பாப்பா ரூம். புருஷன் தாமோதரன் வைத்த பேர். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பவன், லீவு போட்டு உட்கார்ந்து வெளிர்பச்சை பெயின்ட் அடித்தான், மூஞ்சியெல்லாம் பெயின்ட். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டான். தூளி கட்ட மேலே கொக்கி மாட்டிவிட்டு, தாங்குமா தாங்காதா என்று பார்க்கத் தானே அதைப் பிடித்துத் தொங்கினான். "என் வெயிட்டே தாங்குது, எம் பேத்தி இன்னா வெயிட்டு இருந்துடப் போறா" என்றான். பேத்திதான் என்று முடிவு கட்டியாகிவிட்டது, பேரனாகப் பிறந்தால் அந்தச் சமாதானத்தையும் இவள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பச்சைச் சுவரில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். கோடு பச்சையாக விழுந்தது, சுற்றிலும் சாம்பல். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை, அதற்குள். அவனுக்கு இது தெரியாதா என்றால் தெரியும், அவன் சட்டையை அலசுகிற தண்ணீரைப் பார்த்தாலே தெரியும், ஆனால் ஆம்பளைக்குத் தெரிவது ஒரு தினுசு, தெரிந்ததை மடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். இவளுக்கு அது வராது. ஒன்று மனசில் ஏறிவிட்டால் ரவிக்கைக்குள் முதுகில் ஒட்டின முடி மாதிரி, கைக்கும் எட்டாது, சும்மாவும் இருக்க விடாது.

சின்ன வயசில் இழுப்பு வந்தால் கொக்கிக்கு நேர் கீழேதான் யுவராணி உட்கார்ந்திருப்பாள். படுக்க மாட்டாள், படுத்தால் இழுக்கும். தலையணை மேல் தலையணை அடுக்கி அதன்மேல் நெற்றியைச் சாய்த்து, தோள் ரெண்டும் காதைத் தொட, கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வர, நெஞ்சுக்குள் உய்ங், உய்ங் என்று யாரோ விசில் ஊதுவார்கள். காற்று எந்தத் திக்கிலிருந்து அடிக்கிறது என்று தெரிய அந்த நெஞ்சில் காதை வைத்தால் போதும். வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிப் பக்கமிருந்து வந்தால் சாம்பல். மேற்கே தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்தால் அழுகின முட்டை நாற்றம், லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாளில் டீசல் கசப்பு. கடலிலிருந்து வந்தால் பாவம் கொஞ்சம் தூங்கும். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, நல்லவள்தான், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடத்தை மாத்திப் பாருங்களேம்மா என்றாள். என்னமோ ரவிக்கையை மாற்றச் சொல்கிற மாதிரி. இவளும் சரிங்க மேடம் என்று மண்டையை ஆட்டிவிட்டு வந்தாள். எங்கே மாற்றுவது, அவன் வேலை இங்கே, மாமனார் விட்டுப் போன வீடு இங்கே, இந்த வீட்டை விற்கிறேன் என்றால் வாங்க வருகிறவன் முதலில் மூக்கைப் பொத்துவான். சரி, போயிருக்கலாம்தான். திருநின்றவூர்ப் பக்கம் வாடகைக்குப் போயிருக்கலாம், அவன் ரயிலில் வந்து போயிருப்பான், ஊரில் எத்தனை பேர் வந்து போகவில்லை. போகவில்லை. ஏன் போகவில்லை என்று இப்போது கேட்டால், அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று பெண் வளர்ந்துவிட்டாள். வாளித் தண்ணீர் கறுத்துப்போய்விட்டது, கொட்டிவிட்டு வேறு பிடித்து வந்தாள்.

போன வாரம் போனில் அவள் சொன்னாளே, அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கெடுத்தது என்று எப்படிச் சொல்வது, வயிற்றில் பால் வார்த்த பேச்சு அது. மூச்சு கீச்சு வாங்குதாடி, பம்ப்பு கைல வச்சிருக்கியா என்று இவள் வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டாள். அவள் எதையோ மென்றுகொண்டே, "அத்த எங்க வச்சேன்னே மறந்துட்டேம்மா" என்றாள். மறந்துட்டேம்மா. இழுத்தால் வாயில் வைத்து அடிக்க ஸ்கூல் பையில் ஒரு பம்ப்பு, தலைமாட்டில் ஒரு பம்ப்பு, அப்பன் சட்டைப் பையில் ஒரு பம்ப்பு என்று வளர்ந்த பெண். கல்யாணத்தன்று முகூர்த்தப் புடவைக் கொசுவத்துக்குள் ஒன்றைச் செருகித்தான் மணவறையில் உட்கார வைத்தார்கள். ஹோமப் புகை எழும்பியபோது இவள் குனிந்து, சாமி, நெய்யைக் கொஞ்சம் குறைச்சு ஊத்துங்க என்று கெஞ்சினாள், ஐயர் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெண் மறந்துவிட்டேன் என்கிறாள். போனை வைத்த பிறகு அஞ்சலாட்சி அடுப்படியில் தனியாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் நோய் அவள் உடம்பில் இல்லை. சளி உடம்பு, பரம்பரை, மாசமாக இருக்கும்போது நான் ஐஸ் தின்றது, அந்தி நேரத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டது என்று இத்தனை வருஷம் தன்னையே திட்டிக்கொண்டதெல்லாம் வெட்டி. நோய் இங்கேதான் இருந்தது, இந்தச் சுவருக்குள். அவள் போனாள், அது போகவில்லை, இதோ துணியில் பிழிந்து பிழிந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேனே, இதுதான் அது. இதற்குள் அவளை வயிற்றுப் பிள்ளையோடு திரும்பக் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டுமாம், முறையாம். அத்த எங்க வச்சேன்னே மறந்துட்டேம்மா. காலையில் கண் விழித்தால் முதலில் அதுதான் காதில் விழுகிறது.

கீழ்வீட்டு சரளாவின் மகளும் முறைப்படி வந்தவள்தான். ஒரத்தநாட்டில் கொடுத்த பெண், வளையல் குலுங்க வந்து இறங்கினாள், பிள்ளை பெற்றாள். அது இன்னும் தலை நிற்காத குழந்தை, மருந்துப் புகை வைக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள். நேற்று அஞ்சலாட்சி போய்ப் பார்த்தாள். மூக்கில் வைக்கிற அந்தப் பிளாஸ்டிக் மூடி, வாய் மூக்கு எல்லாம் தாண்டிக் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டது, அவ்வளவு சின்ன மூஞ்சி. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அது இவளுக்குத் தெரியும், இருட்டில் தடவினாலும் தெரியும். சரளா மகள் குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே, எல்லாக் கொழந்திங்களுக்கும் வர்றதுதானாம் பெரிம்மா, வளர வளர சரியாப் பூடுமாம் என்றாள். யாருடி சொன்னது என்று கேட்க வாய் வந்தது. இவளே சொன்னதுதான், யுவராணி சின்னதாக இருக்கும்போது தெருவுக்கெல்லாம் இவளே சொல்லிக்கொண்டு திரிந்தது. இங்கே எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், இருமிக்கொண்டே சொல்வார்கள். ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். புகைபோக்கிமேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, அது பாட்டுக்கு அங்கே நின்று ஊதிக்கொண்டிருக்கிறது. மடியிலிருந்த குழந்தை இவளைப் பார்த்து என்ன நினைத்ததோ சிரித்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பேசாமல் உள்ளதைச் சொல்லிவிட்டால்தான் என்ன. இங்கே காத்து நல்லா இல்லைங்க சம்பந்தி, பொண்ணு அங்கேயே இருக்கட்டும். சொன்னால் அந்தம்மா கேட்பாள், ஏங்க, அந்தக் காத்துலதானே பொறந்து வளந்தா, இப்ப மட்டும் இன்னா? அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெண் பார்க்க வந்தபோது இழுப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டுப் பாடத் தெரியுமா, தெரியும், எல்லாம் ஆயிற்று, அது மட்டும் வாயில் வரவில்லை. மருமகன் தங்கமான பிள்ளை, மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறான், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், ஆனால் ஒரு குடும்பம் என்றால் நாலு வாய். நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வாய் ஆரம்பித்தால் போதும், பிள்ளை தும்மினால்கூட அவள் தலையில்தான் விடியும். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், சொன்ன அன்றைக்கே ஓடி வந்துவிடுவாள் கழுதை. வீட்டில் கொத்தனார் வேலை நடக்குது என்றால், பக்கத்தில் ஒரு வீடு பாருங்க, வாடகையை நாங்க கொடுக்கிறோம் என்பார்கள், இதைவிட மானக்கேடு வேண்டாம். சாவுத் தீட்டு என்று சொல்லலாம். யாரைச் சாகடிப்பது? கொழுந்தன் ஒருத்தன் இருக்கிறான், வாயைத் திறந்தால் வம்பு, ஆனாலும் வாய் வரவில்லை, அவனுக்கும் ரெண்டு பிள்ளைகள். ஒவ்வொரு காரணமாக எடுத்து உதறிப் பார்த்தாள், எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருந்தது.

அடுப்படிக்கு வந்து குழம்புக்குப் புளி கரைக்கும்போது அது வந்தது, தானாக வந்தது. அம்மை. வீட்டில் ஆத்தா வந்திருக்கா. அதற்குமேல் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஏன், எப்போது, எப்படி என்று கேட்க மாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைத்தாய்ச்சி அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது, டாக்டரும் அதைத்தான் சொல்வார், பூசாரியும் அதைத்தான் சொல்வார். யாருக்குப் போட்டிருப்பதாகச் சொல்வது, வீட்டில் இருப்பது ரெண்டே பேர், அவருக்கு. தாமோதரன் இந்நேரம் கிரேன் மேலே உட்கார்ந்து கல் மாதிரி இருக்கிறான். சாயங்காலம் வந்து கேட்டால் என்ன சொல்வது, அந்தப் பெயின்ட்டுக்கும் கொக்கிக்கும் என்ன பதில் சொல்வது, ஆடித் தீர்த்துவிடுவான், அது பிறகு. முதலில் ஆத்தாளிடம் கேட்க வேண்டும். சாமி படத்தைத் திரும்பிப் பார்க்க அஞ்சலாட்சிக்குத் தைரியம் வரவில்லை. வருஷா வருஷம் கூழ் ஊற்றுகிற கை, ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னால் ஆத்தா சும்மா விடுவாளா, நிஜமாகவே வந்து இறங்கிவிட்டால்? இறங்கட்டும், எனக்கு இறங்கட்டும். நீயும் பெத்தவதானே, உனக்குத் தெரியாதா என்று முதுகைக் காட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகைப் போட்டாள், போனும் அடித்தது.

"என்னங்க சம்பந்திம்மா, ஒரு வேன் போதுமா, ரெண்டா?" பச்சையம்மாளுக்கு எப்போதும் மெட்டுப் போட்ட மாதிரி ஒரு பேச்சு. அஞ்சலாட்சி அடுப்பை அணைத்தாள். "சம்பந்திம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவருக்கு ஆத்தா வந்திருக்கா." கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் இங்கே கேட்டது. "தாயே. எப்பத்துலேருந்துங்க?" நேற்றிலிருந்து என்றாள். "வேப்பிலை கட்டிட்டீங்களா?" கட்டியாச்சு என்றாள். "தாளிக்காதீங்க, ஆத்தாளுக்கு ஆவாது." சட்டியில் கடுகு கடைசியாக ரெண்டு வெடித்தது. இல்லைங்க, தாளிக்கலை என்றாள். பச்சையம்மாள் நல்லவள், அதுதான் கஷ்டம், ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசியிருந்தால் பொய் சொன்னது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க எதுக்கும் மனசு விட்டுடாதீங்க. பொண்ணு இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைய விட்டா அப்புறம் நாள் நெருங்கிடும், அவ்ளோ தூரம் வண்டில வச்சு ஆட்ட முடியாது. பிரசவத்த நாங்க பாத்துக்கறோம், எம் மவளுக்குப் பாக்க மாட்டனா." அஞ்சலாட்சி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முடிந்தது, இவ்வளவுதான், இனி அவள் வர மாட்டாள், அந்தக் குழந்தை இந்த வீட்டில் மூச்சு விடாது. பச்சையம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். "வளைகாப்ப பத்தியும் கவலப்படாதீங்க. மொத வளையல் பெத்தவ போடணும்னுதான் மொற, என்ன பண்றது, ஆத்தா இருக்கற ஊட்லேருந்து இங்க வரக் கூடாதே. மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் நீங்களும் வாசப்படி தாண்டாதீங்க. உங்க எடத்துல நின்னு நானே போட்டுடறேன்."

இதை அஞ்சலாட்சி நினைக்கவே இல்லை. பொய்யை இத்தனை பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளை வராமல் செய்கிற ஆத்தா தாயையும் போகாமல் செய்வாள், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, மண்டையில் ஏறவில்லை. பீரோவில் புடவை எடுத்து வைத்தாயிற்று. வளையல்கூட வாங்கி வைத்தாயிற்று, சிவப்பும் பச்சையும் கலந்து, அவள் மணிக்கட்டுக்குச் சின்னது வேண்டும் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு. இல்லைங்க சம்பந்திம்மா, நான் குளிச்சிட்டு ஓரமா வந்து நின்னுட்டுப் போறேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் ஆத்தா வந்தது பொய்யாகிவிடும், வீட்டில் வந்த ஆத்தாளை விட்டுவிட்டு ஓடி வருகிறவள் எப்படிப்பட்டவள், விசாரணை வரும். "சரிங்க" என்றாள். தன் குரலா என்று சந்தேகமாக இருந்தது. "நீங்களே போடுங்க. நீங்களும் தாய்தானே."

பிறகு யுவராணி பேசினாள். "அப்பாக்கு ரொம்பப் போட்டிருக்காம்மா?" ஆமாம் என்றாள். "நான் வந்து வாசல்ல தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடறேம்மா. உள்ள வரல." வரக் கூடாது என்றாள். "நீயாவது வாயேன். அத்தைகிட்ட நான் சொல்றேன்." நானும் வரக் கூடாது என்றாள். "என்னைப் பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். இவளுக்குச் சட்டென்று கை பரபரத்தது, பழைய பரபரப்பு. சின்ன வயசில் அவளை அழ விட மாட்டார்கள். அழுதால் இழுத்துக்கொள்ளும், நாலாவது விம்மலில் விசில் ஆரம்பித்துவிடும். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, விழுந்தால் சிரிப்புக் காட்டி, செத்த வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகாமல், மனசாற ஒரு அழுகை அழாமலேயே வளர்ந்த பெண். அஞ்சலாட்சி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். விம்மல் வந்தது. மூக்கை உறிஞ்சினாள், மறுபடி விம்மினாள், ஏங்கினாள், தேம்பினாள். ஒவ்வொரு விம்மலுக்குப் பிறகும் மூச்சு உள்ளே போகிற இடத்தில் இவள் காத்திருந்தாள். தடையில்லாமல் உள்ளே போய், தடையில்லாமல் வெளியே வந்தது. வெறும் காற்று. விசில் இல்லை. இவள் கண்ணிலிருந்தும் வழிந்தது, துடைக்கவில்லை, ஒரு சத்தம் தவறிவிடக் கூடாது என்று அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்கற?" என்றாள் யுவராணி அழுதுகொண்டே. "கேட்டுட்டுத்தான்டி இருக்கேன்" என்றாள் அஞ்சலாட்சி. "அழு. நல்லா அழு."